விருப்ப அமைவும் மென்பொருளின் நினைவும்

முன்னுரை

இன்று தமிழாராய்ச்சி பெரும்பாலும் கணினியின் முன்னரே நடைபெறுகின்றது. சுவடியைப் படியெடுப்பவரும், சொல்லடைவு தொகுப்பவரும், ஆய்வேடு வரைபவரும் ஏதேனும் ஒரு மென்பொருளைத் துணைக்கொண்டே தம் பணியை ஆற்றுகின்றனர். மென்பொருளைத் திறந்தவுடன் ஒவ்வொருவரும் அதனைத் தமக்கு ஏற்பச் சிறிது மாற்றிக்கொள்வர். ஒருவர் தமிழ் 99 விசைப்பலகையை வேண்டுவர். மற்றொருவர் பழைய தட்டச்சுப் பொறியின் முறையையே வேண்டுவர். ஒருவர்க்கு எழுத்துரு பெரிதாக வேண்டும். மற்றொருவர்க்குப் பிழைதிருத்தி குறுக்கிடாதிருத்தல் வேண்டும். இவை சிறிய வேண்டுகோள்களே. ஆயினும் ஒருமுறை சொல்லப்பட்டபின் இவை நிலைத்து நிற்றல் வேண்டும். நாள்தோறும் மீண்டும் சொல்ல வேண்டியிருப்பின் கருவி கருவியாகாது, சுமையாகும்.

பயன்படுத்துவோர் தாமே தெரிந்துகொள்ளும் ஏற்பாட்டை 'விருப்ப அமைவு' என்றும், அவர் யாதும் சொல்லாதவிடத்து மென்பொருள் தானே மேற்கொள்ளும் ஏற்பாட்டை 'இயல்பமைவு' என்றும் இக்கட்டுரையில் வழங்குவாம். விருப்ப அமைவுகளை மென்பொருள் எவ்வாறு நினைவிற் கொள்ளுதல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள். இது பொறியியலார்க்கு உரிய வினா. தமிழ் பயில்வார்க்கு இதனால் ஆவது யாது எனக் கேட்பாரும் உளராகலாம். எம் துறையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியே அதற்கு விடையாகும்.

1. ஒரு புள்ளியின் வரலாறு

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை என்பது சுவடி பயின்றார் யாவரும் அறிந்ததே. ஆதலின் பதிப்பாசிரியர் முதற்கண் ஓலையில் உள்ளதை உள்ளவாறே புள்ளியின்றிப் படியெடுத்துக்கொண்டு, பின்னரே பொருள் நோக்கிப் புள்ளியிட்டுச் சொற்களைப் பிரித்தல் நன்முறையாகும். முதற்படி சான்று, இரண்டாம் படி பதிப்பாசிரியரின் தீர்ப்பு. இவ்விரண்டும் தம்முள் கலத்தல் கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் துறையில் ஒரு சுவடியை இம்முறையிற் படியெடுக்கத் தொடங்கினோம். தட்டச்சு செய்தற்குத் தமிழ் 99 முறையைக் கொண்டோம். 1999ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட இம்முறையில் சில இடங்களிற் புள்ளி தானாகவே அமையும். ககரத்தை அடுத்தடுத்து இருமுறை அடிப்பின் 'க்க' என வரும். மெல்லெழுத்தை அடுத்து அதன் இன வல்லெழுத்து வரினும் அவ்வாறே: 'ந', 'த' என அடிப்பின் 'ந்த' எனவும், 'ன', 'ற' என அடிப்பின் 'ன்ற' எனவும் வரும். இன்றைய உரைநடை எழுதுவார்க்கு இது பெருந்துணை. ஓலையைப் படியெடுப்பார்க்கோ இதுவே இடையூறு. ஓலையில் 'அவனறன' என இருப்பதாகக் கொள்வோம். அது 'அவன்றன்' எனப் புள்ளிபெற்று, 'அவன் தன்' எனப் பிரியலாம்; 'அவனறன்' என நின்று, 'அவன் அறன்' எனவும் பிரியலாம். எது பொருந்தும் என்பதைப் பாட்டின் பொருள் கண்டு துணிய வேண்டியவர் பதிப்பாசிரியர். கருவி தானே னகரத்திற்குப் புள்ளியிடுமாயின் ஒரு பாடம் ஆராயப்படாமலே மறைந்துபோகும்.

யாம் கையாண்ட தட்டச்சுக் கருவியில் இத்தானியங்கு புள்ளியை நிறுத்திவைக்கும் அமைவு ஒன்று இருந்தது. அப்பதிப்பில் நிறுத்திய நிலையே இயல்பமைவு. ஆயினும் யாம் அவ்வமைவைத் திறந்து, ஒருமுறை இயக்கிப் பார்த்து, மீண்டும் நிறுத்திச் சேமித்தோம். பணி குறையின்றி நடந்தது. சில திங்கள் கழித்துக் கருவியின் புதிய பதிப்பு வந்தது. தமிழ் 99 முறையை முழுமையாகப் பின்பற்ற எண்ணிய ஆக்கியோர் அதில் தானியங்கு புள்ளி இயங்கும் நிலையையே இயல்பமைவாக்கினர். எம் தெரிவு அகன்றது. அகன்றமை எமக்குத் தெரிவிக்கப்படவில்லை. 32 ஓலைகள் படியெடுக்கப்பட்ட பின்னரே பிழை கண்ணிற்பட்டது. புள்ளியிட்ட எழுத்துக்குப் பழகிய கண் அதனைப் பிழையென உணராததே காலத்தாழ்விற்குக் காரணம். அதற்குள் அப்படி சொல்லடைவு தொகுக்கும் மாணவர் கைக்கும் சென்றுவிட்டது. ஓலைகளை முதலிலிருந்து ஒப்புநோக்கவும், தொகுத்த சொற்களை விலக்கவும் மூன்று கிழமை சென்றன.

ஆக்கியோரை வினவியபோது, 'நீங்கள் எதனையும் மாற்றியதாகக் குறிப்பு இல்லையே' என்றனர். அவர் கூறியது பொய்யன்று. யாம் தெரிந்த நிலையும் அன்றைய இயல்பமைவும் ஒன்றாயிருந்தமையின் கருவி அதனைக் குறித்துவைக்கவில்லை. இக்கட்டுரை முழுவதும் அந்தக் குறிக்காத குறிப்பினின்றே எழுகின்றது.

2. கூறியதும் கூறாமையும்

ஓர் அமைவு இயங்குதல், நிறுத்தப்படுதல் என இருநிலைகளையே உடையதாகத் தோன்றும். பயன்படுத்துவோர் நோக்கிற் பார்ப்பின் நிலைகள் மூன்று: அவர் 'வேண்டும்' என்றார், 'வேண்டா' என்றார், அல்லது யாதும் கூறிற்றிலர். மூன்றாவது நிலை முன்னைய இரண்டனுள் எதனுள்ளும் அடங்காது. கூறாதவர் திறத்து மென்பொருள் தன் இயல்பமைவைக் கொள்ளலாம். நாளை வேறொன்று சிறந்ததெனக் கண்டால் அதனை மாற்றவும் செய்யலாம். கூறியவர் திறத்து அவ்வுரிமை அதற்கு இல்லை.

இலக்கணம் பயின்றார்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. பொதுவிதியும் சிறப்புவிதியும் ஓரிடத்து ஒரே முடிபினைத் தரக்கூடும். அங்ஙனம் தருதலாற் சிறப்புவிதி வேண்டாததாகி விடாது. பொதுவிதி பின்னர் வேறாக உரைக்கப்படினும் சிறப்புவிதி தன் இடத்தில் நிற்கும். இயல்பமைவு பொதுவிதி போல்வது. விருப்ப அமைவு சிறப்புவிதி போல்வது. இரண்டும் இன்று ஒத்திருத்தல் பற்றிச் சிறப்புவிதியை அழித்தல் முறையன்று.

ஈண்டு இருவகைப் பிழை நேரும். கூறியதைக் கூறாமையாகக் கொள்ளுதல் ஒன்று. எமக்கு நேர்ந்தது இதுவே. கூறாமையைக் கூறியதாகக் கொள்ளுதல் மற்றொன்று. சில மென்பொருள்கள் முதன்முறை திறக்கப்பட்டவுடன் தம் இயல்பமைவுகள் அனைத்தையும் பயன்படுத்துவோர் கோப்பில் எழுதிவைக்கின்றன. பின்னர் எது அவர் தெரிந்தது, எது தானே எழுதியது என்பதை அம்மென்பொருளாலேயே பிரித்தறிய இயலாது. புதிய பதிப்பில் இயல்பமைவு திருத்தம் பெற்றாலும், யாதும் கூறாதவர்க்கு அத்திருத்தம் சென்று சேராது. மாற்றத் துணிந்தால் கூறியவர் தெரிவும் உடன் அழியும்.

பெருவழக்கிலுள்ள மென்பொருள்களை நோக்குவோம். பயர்பாக்ஸ் உலாவி, பயன்படுத்துவோர் மாற்றிய அமைவுகளை மட்டுமே அவருடைய கோப்பில் எழுதுகின்றது. இயல்பமைவுகள் மென்பொருளின் உள்ளேயே நிற்கின்றன. இரண்டாம் பிழை இதனால் நீங்கும். ஆயினும் ஒருவர் தெரிந்த மதிப்பு இயல்பமைவோடு ஒத்துவிடின் பொதுவாக அது கோப்பில் எழுதப்படுவதில்லை. இதனால் நேரக்கூடிய இடரை உணர்ந்து, ஒத்திருப்பினும் விடாது பற்றிவைக்கும் தனிவகை அமைவுகளையும் அவ்வுலாவியின் ஆக்கியோர் ஏற்படுத்தியுள்ளனர். லினக்ஸ் கணினிகளில் வழங்கும் குனோம் திரைச்சூழலின் ஏற்பாடு இன்னும் தெளிவானது. ஆண்டு, ஒருவர் இயல்பமைவுக்கு நிகரான மதிப்பையே தெரிந்தாலும் அது அவர் கூற்றாகப் பதியப்படும். அதனை நீக்கிப் பழைய கூறாமைக்கு மீள்வதற்கு 'மீட்டமைத்தல்' என்னும் தனிச்செயல் உண்டு. பயன்படுத்துவோர் இவ்வமைவைக் குறித்து ஏதேனும் கூறியுள்ளாரா என மென்பொருள் தனியே வினவவும் இயலும். ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினியில், மென்பொருள் தான் திறக்கப்படும்போதெல்லாம் தன் இயல்பமைவுகளைத் தற்காலிகமாக அறிவிக்கும். அவ்வறிவிப்பு வட்டில் எழுதப்படுவதில்லை. கூறியது மட்டுமே வட்டில் நிலைக்கும்.

3. கூறாதவர்க்காகக் கூறுதல்

கூறாமையைக் கூற்றாக்குதல் எத்துணைக் கேடு பயக்கும் என்பதற்கு அண்மைக்கால வரலாற்றில் ஒரு சான்று உண்டு. இணையத்தில் உலவுவோரைப் பல தளங்கள் பின்தொடர்ந்து கண்காணித்தலைத் தடுக்க, 'எம்மைக் கண்காணிக்க வேண்டா' என்னும் பொருள்பட உலாவி ஒரு குறியைத் தளங்களுக்கு அனுப்பும் முறை வகுக்கப்பட்டது. இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு 2011ஆம் ஆண்டில் இதற்கெனக் குழு ஒன்றை அமைத்தது. 1 என்னும் குறி 'வேண்டா' என்பதையும், 0 என்னும் குறி 'இசைவு உண்டு' என்பதையும் உணர்த்தும். குறி யாதும் வாராமை, பயன்படுத்துவோர் இன்னும் ஒன்றும் கூறவில்லை என்பதை உணர்த்தும். மேலே கண்ட மூன்று நிலைகளும் இங்கே முறையாக வகுக்கப்பட்டிருத்தல் காண்க.

2012ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10 என்னும் உலாவியில் 'வேண்டா' என்னும் குறியையே இயல்பமைவாக்கிற்று. நோக்கம் மக்கள் மறைவுரிமையைக் காத்தல் என்றே சொல்லப்பட்டது. விளைவு வேறாயிற்று. அவ்வுலாவியினின்று வரும் குறி ஒருவர் எண்ணித் தெரிந்ததா, தானே வந்ததா என அறிய வழியில்லாமற் போயிற்று. விளம்பரத் துறையினர், 'இது பயன்படுத்துவோர் கூற்றன்று. ஆதலின் யாம் மதியோம்' என்றனர். தரத்தை வகுத்தவருள் ஒருவரான ராய் பீல்டிங் என்பாரும், அவ்வுலாவி அனுப்பும் குறியைப் புறக்கணிக்கும் திருத்தம் ஒன்றை அப்பாச்சி என்னும் வழங்கி மென்பொருளிற் சேர்த்தார். கடும் வாதத்தின்பின் அத்திருத்தம் நீக்கப்பட்டது. 2015இல் மைக்ரோசாப்ட் அவ்வியல்பமைவைக் கைவிட்டது. 2019ஆம் ஆண்டு சனவரியிற் குழுவின் பணியும் முடிவுற்றது. முயற்சி தோற்றமைக்கு இஃது ஒன்றே காரணமன்று. குறியை மதித்தே ஆகவேண்டும் என்னும் கட்டாயம் தளங்களுக்கு இல்லாமையும் பெருங்காரணம். ஆயினும், உண்மையாகவே 'வேண்டா' என்றவரின் கூற்றும் கூறாதவர் திரளில் மறைந்து வலியிழந்தது என்பது தெளிவு.

சட்டமும் இவ்வேறுபாட்டை ஏற்றுள்ளது. முன்னரே குறியிட்டு வைக்கப்பட்ட கட்டத்தை ஒருவர் நீக்காது விட்டமை அவருடைய இசைவாகாது என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1ஆம் நாள் தீர்ப்பளித்தது. வாளா இருத்தல் உடன்படுதல் அன்று என்பதே அதன் சாரம்.

4. வைக்கும் இடம்

கூறியது எது என்பதைத் தெளிந்தபின், அதனை எங்கே வைப்பது என்னும் வினா எழும். யூனிக்ஸ் இயங்குதளத்தில், ஒவ்வொருவர்க்கும் உரிய வீட்டுக் கோப்புறையிற் புள்ளியில் தொடங்கும் பெயருடைய கோப்புகளாக அமைவுகளை வைத்தல் நெடுங்கால வழக்கம். இவ்வழக்கம் எண்ணி வகுக்கப்பட்டதன்று என்பர். நிகழ் கோப்புறையையும் மேற்கோப்புறையையும் குறிக்கும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்னும் பெயர்கள் பட்டியலில் தோன்றாதிருத்தற் பொருட்டு, புள்ளியில் தொடங்கும் பெயர்கள் யாவற்றையும் விலக்கும் குறுக்குவழி தொடக்க நாளிற் கையாளப்பட்டது. அதனால் அத்தகைய கோப்புகள் கண்ணிற் படாதனவாயின. மென்பொருள் எழுதுவோர் அம்மறைவிடத்தைத் தம் அமைவுகளுக்குப் பயன்படுத்திக்கொண்டனர். யூனிக்ஸ் அறிஞர் ராப் பைக் 2012இல் இவ்வரலாற்றை எடுத்துரைத்து, இதனால் வீட்டுக் கோப்புறைகள் குப்பை நிறைந்தனவாயின என வருந்தினார்.

இக்குறையை நீக்க லினக்ஸ் உலகில் 2003ஆம் ஆண்டில் ஒரு நெறி வகுக்கப்பட்டது. அதன்படி, ஒருவர் தெரிந்த அமைவுகள், அவர் ஆக்கிய தரவுகள், எப்போது வேண்டினும் மீண்டும் ஆக்கிக்கொள்ளக்கூடிய தற்காலிகப் படிகள் ஆகிய மூன்றும் வெவ்வேறு கோப்புறைகளில் நிற்றல் வேண்டும். 2021இல் நான்காவதாக 'நிலை' என்பதும் சேர்க்கப்பட்டது. இறுதியாகத் திறந்த கோப்புகளின் பட்டியல் போன்றன நிலையின்பாற்படும். இப்பகுப்பு நம் நோக்கிற்கு மிகவும் பயன்படுவது. சாளரம் திரையில் எவ்விடத்து நின்றது என்பது மென்பொருள் கண்டது. தானியங்கு புள்ளி வேண்டா என்பது ஆராய்ச்சியாளர் சொன்னது. முன்னது அழிந்தால் இழப்பில்லை. பின்னது அழிந்தால் ஆராய்ச்சியே பழுதாகும். இரண்டையும் ஒரு பெட்டியில் இட்டுவைப்பின், பெட்டியைத் தூய்மை செய்யும் நாளில் சொன்னதும் சேர்ந்து போய்விடும்.

விண்டோஸ் இயங்குதளத்தின் தொடக்க காலத்தில் ஐ.என்.ஐ. என்னும் ஈறுடைய உரைக்கோப்புகளில் அமைவுகள் எழுதப்பட்டன. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 முதலாகப் 'பதிவகம்' என்னும் பொதுக் களஞ்சியம் பெருவழக்காயிற்று. கணினி முழுவதற்கும் உரியன ஒரு கிளையிலும், அவ்வப் பயனர்க்கு உரியன மற்றொரு கிளையிலும் அங்கே நிற்கின்றன. இப்பிரிவு நன்று. ஆயினும் ஐ.என்.ஐ. கோப்பை எவரும் திறந்து படிக்கலாம். பதிவகத்தைப் படித்தற்குத் தனிக்கருவி வேண்டும். ஒரு மென்பொருளின் அமைவுகளை மட்டும் பிரித்தெடுத்தலும் எளிதன்று.

உலாவி வழியே பயன்படும் மென்பொருள்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவை தம் அமைவுகளைப் பெரும்பாலும் உலாவியின் உள்ளேயே வைக்கின்றன. குக்கி எனப்படும் சிறுகுறிப்பை நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மாண்டுலி 1994இல் ஆக்கினார். பின்னர் அதுவே கண்காணிப்புக் கருவியாகவும் மாறிற்று. அக்கண்காணிப்பைத் தடுக்கும் பொருட்டு, ஒரு தளத்தைப் பயன்படுத்தாமலே உலாவியின் பயன்பாட்டில் ஏழு நாள் கழியின், அத்தளத்தின் நிரல்கள் எழுதிவைத்த குறிப்புகளை அழித்துவிடும் முறையை ஆப்பிளின் சபாரி உலாவி 2020இல் மேற்கொண்டது. நோக்கம் நன்றே. ஆயினும் அத்தளத்திற்கு ஒருவர் சொல்லிவைத்த விசைப்பலகைத் தெரிவும் உடன் அழியும். ஆதலின் உலாவியின் நினைவை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. பெயர் பதிந்த பயனர்க்கு வழங்கியிலும் அமைவைக் காத்தல், அல்லது அதனைக் கோப்பாகப் பெற்றுக்கொள்ள இடந்தருதல் வேண்டும்.

5. எழுதும் முறை

இடம் நன்றாயினும் எழுதும் முறை தவறின் பயனில்லை. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எக்ஸ்ட்4 என்னும் புதிய கோப்பு முறையைக் கையாண்ட லினக்ஸ் பயனர் சிலர் வியப்புக்குரிய இழப்பு ஒன்றைக் கண்டனர். கணினி எதிர்பாராது நின்று மீண்டும் இயங்கியபோது அவர்தம் அமைவுக் கோப்புகள் பல உள்ளீடின்றி வெறுமையாய் இருந்தன. பெயர் இருந்தது, பொருள் இல்லை. காரணம் இதுவாகும்: மென்பொருள்கள் பழைய கோப்பை வெறுமையாக்கி அதன்மேற் புதியதை எழுதின, அல்லது புதியதை எழுதி, அது வட்டில் உறுதிப்படுமுன் பெயரை மாற்றின. கோப்பு முறையோ விரைவு கருதித் தரவை வட்டில் இடுவதைச் சிறிது காலம் தாழ்த்திற்று. அவ்விடைவெளியிற் கணினி நின்றுபோகவே பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்றாயிற்று. கோப்பு முறையை ஆக்கியவருள் ஒருவரான தியடோர் சோ காரணத்தை விளக்கினார். பின்னர்க் கோப்பு முறையிலும் தக்க காப்புச் சேர்க்கப்பட்டது.

நன்முறை யாதெனின், புதிய அமைவை முதலில் வேறொரு கோப்பில் எழுதுக. அது வட்டிற் பதிந்தமையை உறுதி செய்க. அதன்பின்னரே பழைய கோப்பின் பெயரை அதற்கு இடுக. இம்முறையில் எக்கணத்து இடையூறு நேரினும் பழையதேனும் புதியதேனும் முழுமையாக நிற்கும். புதிய படியை ஒப்புநோக்கி முடிக்குமுன் பழைய ஓலையை நீரில் விடலாகாது என்னும் அறிவே இது.

கோப்பு மாந்தர் படிக்கத்தக்க உரையாய் இருத்தலும், அதன் வடிவ எண் அதன்கண்ணே குறிக்கப்படுதலும் நலம். வடிவ எண் இருப்பின், புதிய பதிப்பு பழைய கோப்பைக் கண்டவிடத்து எதனை எவ்வாறு மாற்றிக்கொள்ள வேண்டும் என அறியும். தனக்கு விளங்காத அமைவொன்று கோப்பில் இருப்பின் அதனை அழித்துவிடாது உள்ளவாறே விட்டுவைத்தல் வேண்டும். பொருள் விளங்காத சொல்லைத் திருத்திவிடும் ஏட்டெழுத்தாளரால் எத்துணைப் பாடங்கள் இழந்தோம் என்பதை அறிந்த நமக்கு இதனை வற்புறுத்தல் வேண்டா.

6. யார்க்கு உரிய அமைவு

இன்னும் நுண்ணிதாக நோக்கின், எம் சுவடிப் பணியில் தானியங்கு புள்ளியை நிறுத்தியது எம் விருப்பமும் அன்று. அச்சுவடிப் பணியின் வேண்டுகை. அதே நாளில் யாம் மடல் எழுதும்போது அப்புள்ளி எமக்கு வேண்டியதே. ஆதலின் அமைவுகள் கணினிக்கு உரியன, ஆளுக்கு உரியன, பணிக்கு உரியன என மூவகைப்படும். நிரல் எழுதுவோர் கையாளும் விசுவல் ஸ்டுடியோ கோடு என்னும் தொகுப்பி இதனை நன்கு செய்கின்றது. இயல்பமைவின்மேல் ஆளுக்குரியதும், அதன்மேற் பணிக்குரியதும் அடுக்கப்படும். மேலது கீழதை வெல்லும். பணிக்குரிய அமைவு அப்பணியின் கோப்புறையிலேயே உரைக்கோப்பாக நிற்றலின், பணியைப் பிறர்க்கு அளிக்கும்போது அமைவும் உடன்செல்லும். தமிழ்த் தட்டச்சுக் கருவிகளும் சொல்லடைவுக் கருவிகளும் இந்நெறியை மேற்கொள்ளுமாயின் சுவடியும் அதன் விதியும் பிரியாது நிற்கும்.

ஆளுக்குரியதை இடத்தைக்கொண்டு ஊகித்தலும் பிழைக்கு இடமாகும். ஒருங்குறி அமைப்பு தொகுத்து வெளியிடும் வட்டார வழக்குத் தரவில், இந்தியத் தமிழ் வழக்கில் எண்கள் இலக்க முறையிற் பகுக்கப்பட்டு 12,34,567 எனவும், மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் வழக்கில் ஆயிர முறையிற் பகுக்கப்பட்டு 1,234,567 எனவும் குறிக்கப்படும். சென்னைக்கு வந்த சிங்கப்பூர்த் தமிழர் ஒருவரின் அட்டவணையைக் கணினி இருக்கும் இடம்பற்றி மாற்றியமைத்தல் முறையாகாது. ஊகம் கூறாமைக்கு மட்டுமே துணையாகலாம். கூறியதற்கு மாறாக நிற்றல் கூடாது.

7. உடன்கொண்டு செல்லலும் மறைத்துக் காத்தலும்

ஆராய்ச்சியாளர் ஒரு கணினியோடு கட்டுண்டவர் அல்லர். துறைக் கணினியிலும் வீட்டுக் கணினியிலும் பணிபுரிவர்; மென்பொருளையே மாற்றவும் செய்வர். ஆண்டுக்கணக்கில் அவர் சேர்த்த தனிச்சொற்பட்டியல், குறுக்கெழுத்துப் பட்டியல், அகரவரிசை விதி ஆகியன சிறு அமைவுகள் போலத் தோன்றினும் உழைப்பின் பயனே. அவற்றை ஒரு கோப்பாகப் பெயர்த்தெடுத்து வேறிடத்து இடுதற்கு வழியில்லாத மென்பொருள், பிறர் பொருளைத் தன் பொருளாக்கிக்கொண்ட குற்றத்திற்கு உரியதாகும்.

பெயர்த்தலின் மறுபக்கம் மறைத்தல். தட்டச்சுக் கருவியின் தனிச்சொற்பட்டியலில் ஒருவர் எழுதும் ஆட்பெயர்கள், ஊர்ப்பெயர்கள், வெளியிடாத ஆய்வின் கலைச்சொற்கள் யாவும் படிந்துகிடக்கும். அதனை வழங்கிக்கு அனுப்பி ஒத்திசைவு செய்யும் மென்பொருள், பயனரிடம் இசைவு பெற்று, பிறர் படிக்க இயலாவண்ணம் மறையாக்கம் செய்தே அனுப்புதல் வேண்டும். பயர்பாக்ஸ் உலாவியின் ஒத்திசைவு, நிறுவனத்தாரும் படிக்க இயலாத மறையாக்கத்தோடு நடைபெறுதல் இது செய்யற்கு அரியதன்று என்பதைக் காட்டும். துறையிலுள்ள பொதுக்கணினியில் ஒவ்வொருவர்க்கும் தனிப் பயனர் கணக்கு இருத்தலும் இன்றியமையாதது. இல்லையேல் ஒருவர் விருப்பம் அடுத்தவர் பணியைக் கெடுக்கும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஒன்று புலனாகும். விருப்ப அமைவு பயன்படுத்துவோரின் சொல். மென்பொருள் அதன் காவலனேயன்றி உடைமையாளன் அன்று. கூறியதனையும் கூறாமையையும் பிரித்து வைத்தல் அக்காவலின் முதற்கடமை. இடமும், எழுதும் முறையும், உரிமையின் எல்லையும், பெயர்க்கும் வழியும் அதனைச் சார்ந்து வருவன. இயல்பமைவு மாறும்போது, கூறியவர் சொல் மாறாது நிற்க, கூறாதவர்க்கு மாற்றம் அறிவிக்கப்படுதல் வேண்டும்.

ஆக்கியோர் இவற்றை ஏற்கும்வரை ஆராய்ச்சி மாணவர் வாளா இருத்தல் தகாது. சுவடியைப் படியெடுக்கத் தொடங்குமுன், கையாளும் கருவியின் பதிப்பு எண்ணையும் அமைவுகளையும் படியின் தலைப்பிற் குறித்துவைக்க. அமைவுக் கோப்பு கிடைக்குமாயின் அதனையும் படியோடு சேர்த்துக் காக்க. கருவியின் புதிய பதிப்பு வந்த நாளில், தொடர்ந்து எழுதுமுன் ஓர் ஓலையை மீண்டும் அடித்துப் பழைய படியோடு ஒப்புநோக்குக. எம் துறையில் இப்போது இம்மூன்றும் நடைமுறையாகிவிட்டன. இவற்றுள் மூன்றாவதற்குச் செல்லும் காலம் கால் மணி நேரமே. அதனை அன்று யாம் செய்திருப்பின் மூன்று கிழமை வீணாகியிராது.